செக்கப்பில் கண் சுத்தம் என்றார்கள், ஆனால் நேர்கோடு வளைந்து தெரிகிறது

தக்கலை தச்சன்:
மரவேலைதான் தொழில், தக்கலைப் பக்கம் சின்னப் பட்டறை. வயது நாற்பத்தொன்று. கொஞ்ச நாளாக ஒரு வம்பு. பலகையில் மூலைமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தால், கோட்டின் நடுவில் சின்னதாக ஒரு புடைப்பு தெரிகிறது. மட்டம் வளைந்துவிட்டதோ என்று புரட்டி வைத்து இன்னொரு கோடு இழுத்தேன். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகிறது. அப்போ மட்டம் சரி, கண்தான் சரியில்லை.

நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தேன், பார்வை நார்மல், 6/6 என்று எழுதினார்கள். கண் பிரஷர் நார்மல். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பெல்லாம் நல்லா இருக்கு, கண் கொஞ்சம் வறண்டிருக்கு, அவ்வளவுதான்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கோடு அப்படியே வளைந்து நிற்கிறது. "ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவ, பின்ன என்ன" என்கிறாள் வீட்டுக்காரி. பட்டறையில் பையன்கள் சிரிக்கிறார்கள். இந்த மாதிரி யாருக்காவது வந்திருக்கிறதா?

குளச்சல் காற்று:
அண்ணாச்சி, டாக்டர் பார்த்துச் சொன்னதற்குப் பிறகும் நெட்டில் தேடினால் கடைசியில் மூளைக்கட்டியில்தான் போய் நிற்கும். ராத்திரி எத்தனை மணி வரை ஃபோன் பார்க்கிறீர்கள்? ஒழுங்காகத் தூங்குங்கள், கண்ணைக் கழுவுங்கள், தானாகப் போகும். எனக்கும் கண் மங்கலாக இருந்தது, தூங்கி எழுந்ததும் போய்விட்டது.

ஆரல்வாய்மொழிக்காரி:
மங்கல் வேறு, வளைவு வேறு. மங்கலுக்கு ஆயிரம் காரணம் உண்டு, பாதி ஒன்றுமில்லாதவை. நேர்கோடு வளைவது அப்படி இல்லை. நான் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்பு, படித்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, சில விஷயம் கேட்கிறேன், நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிவிட்டு, மற்ற கண்ணால் மட்டும் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். அப்புறம் கண்ணை மாற்றுங்கள். வளைவு ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? நீங்கள் பார்க்கிற இடத்திலேயே வளைகிறதா, ஓரத்திலா? கண் சிமிட்டினால் மாறுகிறதா? கண்ணாடி போடுகிறவரா? அந்தக் கண்ணில் பொருள் சின்னதாகவோ பெரிதாகவோ தெரிகிறதா, நிறம் மங்குகிறதா? வேறு எதற்காவது மருந்து எடுக்கிறீர்களா?

மார்த்தாண்டம் கண்ணாடிக்கடை:
கண்ணாடி போடுகிறவராக இருந்தால் அதை முதலில் பாருங்கள். எங்கள் கடைக்கு வாரத்தில் ஒருவராவது "தரை சாய்ஞ்சு தெரியுது, மேம்பாலக் கைப்பிடி வளைஞ்சு தெரியுது" என்று வருவார். ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிற சிலிண்டர் பவர் புதிதாக ஏறியிருக்கும், அல்லது அதன் அச்சு சில டிகிரி தள்ளிப் போயிருக்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸாக வருகிற ப்ரோக்ரஸிவ் லென்ஸ் என்றால் இரண்டு ஓரமும் நெளியத்தான் செய்யும், அது லென்ஸின் குணம். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். பழகாவிட்டால் ஃபிரேம் உட்காரும் விதத்தையும் கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.

கண்டுபிடிக்க எளிய வழி: கண்ணாடியைக் கழற்றுங்கள். வளைவு போய்விட்டால் கோளாறு கண்ணாடியில். கழற்றியும் நின்றால் எங்களிடம் வராதீர்கள், எங்களால் ஆகாது. இதைச் சொல்லாமல் புது லென்ஸ் விற்கிற கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன.

தக்கலை தச்சன்:
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கண்ணாடி போடுவதில்லை. ஆரல்வாய்மொழித் தங்கச்சி சொன்னபடி பார்த்தேன். இடது கண்ணில் கம்பி நேராக இருக்கிறது. வலது கண்ணில் மட்டும் வளைவு, அதுவும் நான் பார்க்கிற இடத்திலேயே. சிமிட்டினாலும் மாறவில்லை. இன்னொன்று, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்: வலது கண்ணால் பார்த்தால் என் மகளின் முகம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் நடுவில் வட்டமாக லேசான பழுப்பு. மருந்து என்றால், தூசுக்குத் தும்மல் நிற்காமல் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே, காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதியது. அது ரொம்ப நாளாக ஓடுகிறது. வேறு எதுவும் இல்லை.

ஆரல்வாய்மொழிக்காரி:
அண்ணே, இதைக் காலம் தாழ்த்தாமல் விழித்திரை டாக்டரிடம் காட்டுங்கள். பயப்படச் சொல்லவில்லை, தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

எழுத்துப் பலகை சோதனை 1862ல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் டாக்டர் கொண்டுவந்தது. எவ்வளவு சின்ன எழுத்தை உங்களால் அடையாளம் காண முடிகிறது என்பதை மட்டும்தான் அது அளக்கும். எழுத்து கொஞ்சம் நெளிந்திருந்தாலும் மூளை சமாளித்துப் படித்துவிடும். 6/6 வாங்கிக்கொண்டே வளைவாகப் பார்ப்பது நடக்கக்கூடியதுதான், பொய்யோ கற்பனையோ இல்லை.

கண்ணின் பின்சுவரில் இருக்கிற விழித்திரையின் நடுப்பகுதி மேக்குலா. படிப்பதும் முகம் பார்ப்பதும் அந்த இடத்தால்தான், அகலம் ஐந்தரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். அங்கே உள்ள செல்கள் இடம் பெயர்ந்தால், மூளைக்கு அது தெரியாது. பழைய இடத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு படத்தைக் கட்டும், கோடு வளையும். செல்கள் விலகி நின்றால், விழுகிற பிம்பம் குறைந்த செல்களை மட்டும் தொடும், அதனால் பொருள் சின்னதாகத் தெரியும். நெருங்கினால் பெரிதாகத் தெரியும். உங்கள் மகள் முகம் சின்னதாகத் தெரிவது அதனால் முக்கியமான துப்பு.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் இந்தக் குறையை மூடிவிடும். அதனால்தான் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். இதற்கென்றே ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒன்று உண்டு. பத்து சென்டிமீட்டர் சதுரம், அதற்குள் அரை சென்டிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, வெள்ளெழுத்துக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். எங்கே கோடு நெளிகிறது, எங்கே காணாமல் போகிறது என்று அதன் மேலேயே பென்சிலால் வரைந்து டாக்டரிடம் கொண்டுபோங்கள். பிள்ளைகளின் கிராஃப் நோட்டு போதும். நீங்கள் கோடு இழுக்கிறவர், நன்றாகவே வரைவீர்கள்.

அப்புறம் போன தடவை உங்கள் கண்ணில் மருந்து விட்டு, கண்ணின் பாப்பாவை (கருவிழி நடுவில் உள்ள துளை) விரியவைத்துப் பார்த்தார்களா? அதன் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்தில் படிக்க முடியாது, நடந்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தத் தடவை அதோடு ஓசிடி ஸ்கேனும் தேவைப்படும். 1991ல் வந்த முறை, வெளிச்சத்தை வைத்து விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கு வெட்டாகப் படம் எடுப்பது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, நாடியை வைத்து உட்கார்ந்தால் சில நிமிடத்தில் முடியும். லைட் அடித்துப் பார்க்கும்போது தப்பிவிடுகிற மெல்லிய நீர்க்கோப்புகூட அதில் தெரியும்.

குளச்சல் காற்று:
அப்போ முதல் டாக்டர் ஏமாற்றிவிட்டாரா? இப்படித்தான் ஆளாளுக்கு ஸ்கேன் ஸ்கேன் என்று பில்லை ஏற்றுகிறார்கள். எங்க பாட்டா எண்பது வயசு வரை ஓசிடி இல்லாமல்தான் கடலுக்குப் போனார்.

ஆரல்வாய்மொழிக்காரி:
யார் ஏமாற்றினார் என்றேன்? கண் உறுத்துகிறது, மங்குகிறது என்று வருகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் "சரியாத் தெரியல" என்று சொன்னால், அந்தச் சோதனைதான் நடக்கும், அதற்கு அந்தப் பதில்தான் வரும். "வலது கண்ணில் மட்டும், நடுவில், நேர்கோடு வளைகிறது" என்று சொன்னால் எந்தக் கண் டாக்டரும் மேக்குலாவைத்தான் நினைப்பார். தக்கலை அண்ணன் அங்கே என்ன வார்த்தை சொன்னார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டாம், கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன மாதிரி ஆட்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

வடசேரி டீச்சர்:
ஓய்வு பெற்ற ஆசிரியை நான். என் கதை கொஞ்சம் வேறு. இடது கண்ணில் மேக்குலாவுக்கு மேல் மெல்லிய சவ்வு படர்ந்து, அது சுருங்கி விழித்திரையை இழுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வயதானவர்களுக்கு இது அடிக்கடி வருமாம். எனக்கு எழுத்து பெரிதாகவும் நெளிந்தும் தெரியும். ஆரல் பெண் சொன்னது இங்கே தலைகீழ், சவ்வு இழுத்து செல்கள் நெருங்கியிருக்கின்றன.

நான் சொல்ல வந்தது கண்டுபிடித்த பிறகு உள்ள பாடு. டாக்டர் படத்தைக் காட்டி, "சவ்வு இருக்கு, இப்போ ஒண்ணும் செய்ய வேண்டாம், பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். ஆபரேஷன் இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கிற கூழை எடுத்துவிட்டு சவ்வை உரிப்பார்கள். ஆனால் பார்வை தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், புரை சீக்கிரம் வளரும், வளைவு குறையுமே தவிர பலருக்கு முழுசாகப் போகாது. இதெல்லாம் அவரே சொன்னார். அன்றாட வேலை கெடாதவரை பொறுத்திருக்கலாம் என்றார். "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பதும் "ஒன்றும் இல்லை" என்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. காரணம் தெரிந்த பிறகு அதே வளைவு அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை, விசித்திரம்தான்.

ஆரம்பத்தில் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று குளியலறை டைல்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒளி மாறினால் வளைவும் மாறின மாதிரி தோன்றும், மனசு கிடந்து அடிக்கும். டாக்டரிடம் கேட்டேன். என்னுடைய நிலைக்கு வாரம் ஒரு தடவை, ஒரே இடம், ஒரே வெளிச்சம் போதும் என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்றபடி நல்ல வெளிச்சத்தில் படிப்பேன், வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொள்வேன், ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும் இடது கண்ணை மூடிக்கொள்வேன்.

ஏத்தமொழித் தென்னை:
டீச்சர், எங்க அம்மைக்குச் சர்க்கரை உண்டு. புரை ஆபரேஷன் முடிந்து முதலில் நல்லாத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து, "தென்னை மரமெல்லாம் நெளியுது மக்கா" என்றார்கள். லென்ஸ் நல்லா உட்கார்ந்திருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் இந்த வகைதானா?

ஆரல்வாய்மொழிக்காரி:
இருக்கலாம். புரை ஆபரேஷனுக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரத்தில் சிலருக்கு மேக்குலாவில் நீர் கோத்து வீங்கும், சர்க்கரை இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். லென்ஸ் நன்றாக உட்கார்ந்திருப்பதும் மேக்குலா வீங்கியிருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். அம்மையைக் கூட்டிக்கொண்டு போய், "கிட்ட இருந்து பார்த்தாலும் நெளியுது, மருந்து விட்டு விழித்திரை நரம்பைப் பாருங்க" என்று கேளுங்கள். சொட்டு மருந்திலேயே வடிகிறதும் உண்டு, கண்ணுக்குள் ஊசி போட வேண்டி வருவதும் உண்டு. கண்ணில் ஊசியா என்று பதற வேண்டாம், மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷம் ஒரு தடவை பாப்பாவை விரியவைத்து நரம்பைப் பார்ப்பது அவசியம்.

மார்த்தாண்டம் கண்ணாடிக்கடை:
எங்கே காட்டுவது என்று யாரும் சொல்லவில்லையே. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் கண் பிரிவு உண்டு, முதலில் அங்கே கேட்கலாம். வடக்கே திருநெல்வேலி அரவிந்த், மேற்கே திருவனந்தபுரம் அரசு கண் ஆஸ்பத்திரி. மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்.

ஏத்தமொழித் தென்னை:
திருவனந்தபுரம் என்றால் டோக்கனுக்கு வெள்ளனே போய் நிற்கணும், நமக்கு நெல்வேலிதான் சரி. அது அவரவர் பஸ் வசதி.

தக்கலை தச்சன்:
போய் வந்தாச்சு. கிராஃப் தாளில் வரைந்து கொண்டுபோனேன், அதைப் பார்த்ததுமே டாக்டர் வேறு கேள்வி எதுவும் கேட்காமல் மருந்து விடச் சொல்லிவிட்டார். ஓசிடி எடுத்தார்கள். வலது கண் மேக்குலாவுக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது. பேர் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி, சீட்டைப் பார்த்து எழுதுகிறேன். படத்தில் பார்த்தால் விழித்திரை சின்னக் கூடாரம் அடித்து நிற்கிறது. இப்போதைக்கு மருந்து எதுவும் கிடையாதாம், மூன்று மாதம் பொறுக்கணுமாம். மூக்கு ஸ்ப்ரேயைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். அதை எழுதினவரிடம் பேசி மாற்றச் சொன்னார்.

குளச்சல்காரரே, முதல் ஆஸ்பத்திரியில் நான் "கண் ஒரு மாதிரியா இருக்கு" என்றுதான் சொன்னேன். பாப்பாவை விரியவைத்தெல்லாம் பார்க்கவில்லை.

ஆரல்வாய்மொழிக்காரி:
நல்லவேளை, நீர் வடிந்துவிட வாய்ப்புள்ள வகைதான். விழித்திரைக்கு அடியில் இரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு என்ற அடுக்கு இருக்கிறது. அது தடித்து, அங்கிருந்து நீர் கசிந்து, சுவரில் பெயிண்டுக்கு அடியில் ஈரம் ஏறி உப்புகிற மாதிரி விழித்திரையைத் தூக்கிவிடும். இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் உள்ள ஆண்களுக்கு அதிகம். தூக்கக் குறைவு, மன அழுத்தம் என்று சொல்வார்கள். ஸ்டீராய்டுக்குத் தொடர்பு இன்னும் வலுவானது. மாத்திரை மட்டுமில்லை, மூட்டில் போடுகிற ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, தோலில் பூசுகிற களிம்பு, எதுவும் ஆகலாம். கண் டாக்டரிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை, கண்ணுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலோருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானாக வடிந்துவிடும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள், அலட்சியம் இல்லை. சிலருக்குத் திரும்ப வரும். வடியாமல் நின்றால் லேசர் வகைச் சிகிச்சைகள் உண்டு. எப்லரினோன் என்ற மாத்திரையைப் பல இடங்களில் கொடுத்தார்கள். 2020ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில் அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று வந்துவிட்டது. யாராவது "நான் அதைச் சாப்பிட்டுத்தான் குணமானேன்" என்றால் ஒருவேளை தானாகவே வடிந்திருக்கும்.

படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், ஸ்டீராய்டு மாத்திரையோ ஆஸ்துமா இன்ஹேலரோ எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, இன்ஹேலரை நிறுத்தினால் மூச்சு முட்டும். எழுதிய டாக்டரிடம் கேட்டுத்தான் எதுவும்.

குளச்சல் காற்று:
சரி, தூக்கத்தைப் பற்றி நான் சொன்னதும் லிஸ்டில் இருக்கிறது பார்த்தீர்களா.

ஆரல்வாய்மொழிக்காரி:
இருக்கிறது அண்ணாச்சி, இருக்கிறது.

திற்பரப்புச் சாரல்:
எனக்கும் ஒரு சந்தேகம். திடீரென்று பார்வைக்குள் மின்னுகிற வளைகோடு ஒன்று வரும், பல்லு பல்லாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டு கண்ணிலும்தான். அப்புறம் தலைவலி. நானும் ஓசிடி எடுக்கணுமா?

ஆரல்வாய்மொழிக்காரி:
எந்தக் கண்ணை மூடினாலும் தெரிகிறது, வளர்ந்து மறைகிறது, பிறகு தலைவலி என்றால் ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வருகிற அறிகுறியாக இருக்க அதிக வாய்ப்பு. அது கண்ணில் இல்லை, மூளையின் பின்பக்கத்தில் நடக்கிறது. முதல் தடவை என்றால் ஒரு பொது மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் ஒரே கண்ணில் மின்னல் வெட்டுகிறது, புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதக்கின்றன, ஓரத்திலிருந்து திரை இறங்குகிறது என்றால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி, மறுநாள் கிடையாது. விழித்திரை கிழிந்தோ கழன்றோ வரலாம். பார்வை மாற்றத்தோடு பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால், 108.

தக்கலை தச்சன்:
டீச்சரிடம் ஒன்று கேட்கணும். காத்திருக்கிற இந்த மூன்று மாதமும் தொழில் நடக்கணுமே. இடது கண்ணால் சமாளிக்கிறேன். ஆனால் அறுப்பு மெஷினில் பலகை தள்ளும்போது தூரம் பிடிபடவில்லை. பிளேடு ஒரு விரல் தள்ளி இருப்பதாகத் தெரிகிறது, இருப்பது அரை விரலில். கை நடுங்குகிறது.

வடசேரி டீச்சர்:
தம்பி, மெஷினை அந்தப் பையன்களிடம் விடுங்கள். இரண்டு கண்ணும் ஒத்துழைத்தால்தான் ஆழம் தெரியும், ஒன்று சின்னதாகக் காட்டும்போது கணக்கு தப்பும். எனக்குக் காபி ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே போகும், அது துடைத்தால் சரி. உங்களுடையது விரல். அளவு எடுப்பது, கோடு போடுவது, மரம் பார்ப்பது எல்லாம் நீங்கள் செய்யுங்கள், அறுப்பதை அவர்கள் செய்யட்டும். படிக்கட்டில் இறங்கும்போதும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பைக் வேண்டாம்.

தக்கலை தச்சன்:
சிரித்த பையன்கள்தானே, அறுக்கட்டும். தும்மலுக்கு ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாஸ்க் போட்டுத்தான் இனி இழைப்பு வேலை. அடுத்த செக்கப் திருநெல்வேலியில். மருந்து விட்டால் தனியாக வண்டியில் திரும்ப முடியாது, பஸ்ஸில் வெயில் கூசியே ஒரு வழி ஆகிவிட்டது போன தடவை. கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போகணும்.

ஏத்தமொழித் தென்னை:
அம்மைக்கும் நெல்வேலியில்தான் பார்க்கப் போகிறேன். தேதி சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.

குளச்சல் காற்று:
செவ்வாய்க்கிழமை நான் மீன் லோடுக்குத் திருநெல்வேலி போகிறேன். திரும்பும்போது வண்டி காலிதான், முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளணும், அதற்கு எந்த டாக்டரும் மருந்து தர மாட்டார்.